சுவரேறிய உளுவைகள்

மீன்கள் சுவரேறிய வருஷம் ஈத்தவிளையில் அறுபத்திரண்டு வீடுகள் இருந்தன. அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே ஓடையில் குளித்து, ஒரே ஊற்றில் தண்ணீர் கோரி, ஒரே மாதா கோயில் மணிக்கு எழுந்து, சண்டை வந்தால் ஒரே பாலத்தின்மேல் நின்று ஏசிக்கொண்டு, சாவு வந்தால் ஒரே பந்தலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மலையில் பிறந்த ஓடை ஊருக்குள் வந்து, ஊரைக் கடந்து, ரப்பர்த் தோட்டங்களுக்குள் புகுந்து, ஆறாகி, ஒருநாள் நடைதூரத்தில் கடலில் சேரும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்து நாலைந்து நாள் கழிந்ததும் கடலிலிருந்து அதே வழியில் ஒரு கூட்டம் ஏறி வரும்: விரல்நக நீளத்தில், உள்ளெலும்பு தெரியும்படி கண்ணாடியாக, ஆயிரமாயிரம் மீன்குஞ்சுகள். பொரிந்ததும் வெள்ளத்தில் கடலுக்கு அடித்துப் போனவை, அங்கே மாசக்கணக்கில் கிடந்துவிட்டு, மழைத் தண்ணீரின் ருசியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருபவை. அவற்றின் வயிற்றுக்கடியில் வட்டமாக ஒரு ஒட்டு உண்டு. அந்த ஒட்டாலும் வாயாலும் மாறிமாறிக் கல்லைப் பற்றி, ஊருக்கு மேலே ஓடை விழுகிற முப்பதடிப் பாறையில் அங்குலம் அங்குலமாக ஏறிப் போய்விடும். உளுவையில் ஒரு வகை. ஊரில் கல்லுளுவை என்பார்கள். ஒரு சட்டிக் குழம்புக்குக் காணாத மீன் என்பதால் யாரும் அதைப் பிடிப்பதில்லை, பிடிக்காததால் யாரும் அதைப் பார்ப்பதுமில்லை, லீலாபாய் ஒருத்தியைத் தவிர.

லீலாபாய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நகரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மீன் கணக்கெடுக்க வந்தவர்கள் பை சுமக்க ஆள் கேட்டபோது ரப்பர் வெட்டப் போகிற வழியில் நின்றவள் அவள். மத்தியானம் அவர்களில் ஒருத்தி தன் கண்ணாடி முகமூடியைக் கழற்றி விளையாட்டாக இவளிடம் கொடுத்தாள். லீலாபாய் ஓடையில் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கி, அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தான் பிறந்ததிலிருந்து துணி துவைத்த கல்லுக்கடியில் நீலக் கழுத்தும் சிவந்த வாலுமாக ஒரு மீன் இன்னொரு மீனின் முன்னால் துடுப்பை விரித்துவிரித்து மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவளுக்கு அதற்குப் பிறகு வேறு வேலை பிடிக்கவில்லை. கல்லூரிக்காரர்கள் அவளைக் கள உதவியாளராக வைத்துக்கொண்டார்கள். முகமூடி, மூச்சுக்குழாய், தண்ணீரில் அழியாமல் எழுத ஒரு பிளாஸ்டிக் பலகை, தாள்களில் குத்தி அனுப்ப ஒரு ரப்பர் முத்திரை, இவ்வளவும் அவளுக்குக் கிடைத்தன.

ஊருக்கு அவள் ஒரு வேடிக்கை. பாலத்தில் போகிறவர்கள் குனிந்து, "லீலாபாயி, இன்னைக்கு எத்தன பேரு வந்தாவ?" என்று கேட்பார்கள். அவள் முகத்தைத் தூக்கி, "நூத்தி நாப்பத்திமூணு" என்று உண்மையான எண்ணைச் சொல்வாள். மேலே சிரிப்பு போகும். அவள் மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொள்வாள். தனக்கு எதுவும் உறைக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷ இடவப்பாதியில் குஞ்சுகள் வந்தன. பாலத்தடியைக் கடந்தன, துவைகல்லைக் கடந்தன, பாறைக்குப் போகாமல் படித்துறையில் திரும்பின. படியேறி, பாதையில் ஓடிய மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, வாழைத் தோப்பு வழியாகவும் கோயில் முற்றம் வழியாகவும் ஊருக்குள் வந்து, கிடைத்த சுவரில் ஏறி, ஒட்டிக்கொண்டன. மழை விட்டது, வெயில் வந்தது, சுவர் உலர்ந்தது, அவை அங்கேயே இருந்தன. செவுள் அசைந்தது, வாய் சுவரின் பாசியைச் சுரண்டியது. தண்ணீர் இல்லையே என்று அவையும் கவலைப்படவில்லை, ஊரும் கவலைப்படவில்லை.

ஊர் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. சுவரில் சாய்கிறவர்கள் கையால் தடவிப் பார்த்துச் சாய்ந்தார்கள். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறவர்கள், "கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிவிட்டு அடித்தார்கள். மின்மீட்டர் படிக்க வந்தவர் எண்ணின்மேல் ஒட்டிக்கொண்டிருந்ததை ஈர விரலால் நகர்த்திவிட்டுக் குறித்துக்கொண்டு போனார். சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் மீன்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் கல்லறைத் தோட்டத்தில் மாடு கட்டுவதைக் கண்டித்தார்.  

ஆனி முடிகிறபோது குஞ்சுகளுக்கு நிறம் வந்தது.

ஓடைக்கு மேற்கே, மலை நிழலில், பழைய செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி எப்போதும் ஈரம் கசிகிற வீடுகளில் மீன்களுக்குக் கழுத்து மயில்நீலமாக மாறியது. அவற்றுக்குக் கொஞ்சம் கீழே இருந்த வீடுகளில் வால் சிவந்தது. பாலத்தையொட்டிய வீடுகளில் பொன்னிற வரி ஓடியது. ஓடைக்குக் கிழக்கே, அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிமென்ட் வீடுகளின் வரிசையில், நாள் முழுக்க வெயில் காயும் சுவர்களில், மீன்களுக்கு நிறம் ஏதும் வரவில்லை. சாம்பலாகவே கிடந்தன. கோயில் சுவரில் நாலு மாதிரியும் கலந்து ஒட்டியிருந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் லீலாபாயிடம் வந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை. "மாமி, எங்க வீட்டுல இருக்கது என்ன மீனு?" என்று கேட்டாள். பதினொரு வருஷத்தில் சிரிக்காமல் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. லீலாபாய் அந்த வீட்டுக்குப் போனாள், சுவர்முன் முக்காலி போட்டு உட்கார்ந்தாள், ஒரு மணி நேரம் பார்த்தாள், ஒரு தாளில் 'நீலக்கழுத்து' என்று எழுதினாள். கழுத்தின் நிறம், துடுப்பின் நீளம், உதட்டின் வெள்ளை, எல்லாம் எழுதி, குழந்தைக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று முத்திரையும் குத்திக் கொடுத்தாள்.

மறுநாள் ஏழு வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். அதற்கு மறுநாள் இருபது வீட்டிலிருந்து. பாலத்தில் நின்று சிரித்தவர்கள் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள், முக்காலிக்குப் பதில் நாற்காலி போட்டார்கள், பால் சேர்த்த சாயா கொடுத்தார்கள். லீலாபாய் வீடுவீடாகப் போய் எழுதினாள். நீலக்கழுத்து, செவ்வாலன், பொன்வரியன், சாம்பலன் என்று நாலு இனம். அதில் மூன்று புதியவை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைக் கல்லூரிப் பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் குரலே மாறி, "நாலு இனமா? படம் அனுப்பும்மா, உடனே அனுப்பு" என்றார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

அவள் பார்த்த நேரம் குறைவு என்று அவளுக்கே உள்ளூரத் தெரியும். ஓடையில் ஒரு மீனை ஒரு வாரம் பார்த்து எழுதுகிறவள் சுவரில் ஒரு மணி நேரத்தில் எழுதினாள். நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார்களே, என்ன செய்வது?

சீட்டுகள் கொடுத்து முடிந்த மாசம் ஊற்றுக்கரையில் முதல் பேச்சு வந்தது. நீலக்கழுத்து வீட்டுப் பெண் ஒருத்தி தண்ணீர் கோரிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, சிரித்துக்கொண்டுதான், "ஒனக்க வீட்டுல சாம்பலனாமே, மாறி நில்லு, நீலம் கோரட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், மாறி நின்றவளும் சிரித்தாள். இரண்டாம் வாரம் சிரிக்காமல் மாறி நின்றார்கள். நாலாம் வாரம் சொல்லாமலே மாறி நின்றார்கள். சாம்பலன் வீட்டுக்காரர்கள் ஊற்றுக்கு வருகிற நேரம் தனியாக ஆனது. ரப்பர்ப் பால் அளக்கிற இடத்தில் வரிசை தனியாக ஆனது. கல்யாணப் பந்தியில் செவ்வாலன் வீட்டுக்காரர் ஒருவர் பொன்வரியன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று எழுந்தார். எல்லோரும் சீட்டைப் பிளாஸ்டிக் உறைபோட்டு ரேஷன் அட்டையோடு வைத்துக்கொண்டார்கள். இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பேசியிருந்தால் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடும்.

லீலாபாயின் வீடு மேற்கே, அப்பா கட்டிய செங்கல் வீடு. நீலக்கழுத்து. அவளுடைய தங்கை எமல்டாவைக் கட்டிக்கொடுத்தது கிழக்கே, சிமென்ட் வீடு. சாம்பலன். இரண்டு சீட்டையும் லீலாபாய்தான் எழுதியிருந்தாள்.

எமல்டாவின் மகள் சஜினிக்கும் மேற்கே நீலக்கழுத்து வீட்டு வார்டு மெம்பர் ஞானசிகாமணியின் மகனுக்கும் அந்த ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளைகள் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டது, இரண்டு வீட்டிலும் சந்தோஷமாகச் சம்மதித்தது. கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும், யாருக்காவது இந்தக் கல்யாணத்தில் தடை இருந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு ஞானசிகாமணி எழுந்து நின்று, மிக மரியாதையாக, "சாமி, இந்த ஓல இப்போ வேண்டாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. சஜினி பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த பாட்டை அவள் பாடி முடித்தாள் என்பார்கள்.

அன்று மத்தியானமே எமல்டா அக்காவைத் தேடி வந்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்த லீலாபாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்க வீட்டுச் சீட்ட மாத்தி எழுதித் தா."

"என்னன்னு எழுத?"

"நீலம்னு எழுது."

"ஒனக்க சுவருல நீலம் இல்லியே பிள்ளே."

"எனக்குத் தெரியாதா இல்லன்னு? ஒனக்க கையெழுத்தத்தான கேக்கேன். மீன யாரு கேட்டா?"

லீலாபாய் கஞ்சித் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டுப் பானையை நிமிர்த்தினாள். பிறகு, "பதினோரு வருஷமா காணாத ஒண்ண நான் எழுதினதில்ல எமல்டா. ஒரு மீன் கூடுதல்னு எழுதினதில்ல. ஒனக்காவ எழுதினேன்னு வையி, பெறவு நான் எழுதின எதுக்கும் மதிப்பில்ல" என்றாள்.

எமல்டா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு மதிப்பு வேணும்" என்றாள். "செரி." எழுந்து போனாள். சஜினி பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது லீலாபாய். அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

ஆவணி போயிற்று. ஞானசிகாமணியின் மகனுக்கு நீலக்கழுத்து வீட்டிலேயே பெண் முடிந்தது. பையன் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தான், நாலாம் நாள் சாப்பிட்டான்.

புரட்டாசியில் ஒரு காலை, லீலாபாய் சாயாவோடு தன் வீட்டுச் சுவர்முன் உட்கார்ந்திருந்தபோது, ஓடைப் பக்கமிருந்து ஒரு மீன்கொத்தி வந்து சுவரிலிருந்த பெரிய நீலக்கழுத்தைக் கொத்திக்கொண்டு போயிற்று. அந்த இடம் காலியாயிற்று. சற்றுக் கீழே, வழிதவறி வந்த சாம்பலன் என்று அவள் குறித்திருந்த சின்ன மீன் ஒன்று மெல்ல மேலேறி அந்த இடத்தில் ஒட்டியது. அதன் உதடு வெளுத்தது. உடம்பில் பொன்வரி ஓடியது. வால் சிவந்தது. சாயா ஆறுவதற்குள் அதன் கழுத்தில் மயில்நீலம் ஏறி, துடுப்பை விரித்து, இதுநாள்வரை அந்தச் சுவர் தன்னுடையதாகவே இருந்ததுபோல் நின்றது.

லீலாபாய் அசையவில்லை. அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். அதன்பின் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தாள். தன் சுவரிலிருந்து ஒரு நீலக்கழுத்தை ஈரத் துணியில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, கிழக்கு வரிசையில் ஆளில்லாத ஒரு வீட்டின் வெயில் சுவரில் விட்டாள். உச்சிப்பொழுதுக்குள் அது சாம்பலாயிற்று. அங்கிருந்து ஒரு சாம்பலனை எடுத்துவந்து தன் நனைந்த சுவரில் விட்டாள். புது இடம் பழகப் பழக, மூன்றாம் நாள் பொன்வரி, ஐந்தாம் நாள் செவ்வால், ஏழாம் நாள் நீலம். சில மீன்கள் எங்கே விட்டாலும் மாறவில்லை. அவற்றின் வயிறு உப்பியிருந்தது. அவை பெண்.

நாலு இனம் இல்லை. ஒரே மீன். குளிர்ந்த இடத்தில் பயமில்லாமல் நின்றால் நீலம், சுடுகிற இடத்தில் பயந்து கிடந்தால் சாம்பல். கொஞ்சம் பயம் விட்டால் பொன், இன்னும் கொஞ்சம் விட்டால் சிவப்பு. இவ்வளவுதான். இதை ஓடையில் எத்தனையோ தடவை பார்த்தும் இருக்கிறாள். அப்போது இதற்குப் பேர் வைக்க யாரும் நாற்காலி போட்டுக் காத்திருக்கவில்லை.

பேராசிரியரிடம் சொன்னாள். "ஒண்ணுதானா?" என்று கேட்டார் அவர்.  "சரிம்மா, பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்.

பிறகு எமல்டாவிடம் ஓடினாள். எமல்டா கல்லில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்போ இப்ப நீலம்னு எழுதுவியா?"

"எல்லாம் ஒண்ணுன்னு எழுதுவேன். அறுபத்திரண்டு வீட்டுக்கும் எழுதுவேன். பொய்யே வேண்டாம் எமல்டா, உண்மையே ஒனக்குச் சாதகம்."

"எல்லாம் ஒண்ணுன்னா எனக்க பிள்ளைக்கு என்ன பிரயோஜனம்? நான் தாழ்ந்துட்டேன்னு அவியளுக்குச் சந்தோஷம். அத நீ பிடுங்கினா விடுவாவளா?"

"கண்ணால கண்டா விடுவாவ."

எமல்டா அரைத்ததை வழித்தாள். "நீ மீன மட்டும்தான் பாத்திருக்க, அக்கா" என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் லீலாபாய் ஊர் முழுவதையும் ஞானசிகாமணியின் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் கூப்பிடுகிறாள் என்று எல்லோரும் வந்தார்கள். கிழக்கு வரிசைக்காரர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். சுவரின் நடுவில் இருந்த பெரிய நீலக்கழுத்தை லீலாபாய் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடிப் பிடித்துக்கொண்டு, கீழே ஓரத்தில் கிடந்த ஒரு சாம்பல் மீனைக் காட்டி, "இத பாருங்க" என்றாள். நூற்றைம்பது பேர் பார்த்தார்கள். அது மேலேறியது. வெளுத்தது, பொன்னானது, சிவந்தது, நீலமானது. ஒரு குழந்தை கைதட்டியது. வாசலுக்கு வெளியே நின்றவர்கள் எட்டியெட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் ஒரே மீனு" என்றாள் லீலாபாய். "நான் தப்பா எழுதிட்டேன். நாலுன்னு சொன்னது எனக்க தப்பு. அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுங்க."

 ஞானசிகாமணி தொண்டையைக் கனைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஊரில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் வண்டி பிடிக்கிறவர்.

"டீச்சரே, நீங்க அப்போ எழுதினது தப்பு, இல்லியா?"

"தப்புதான் அண்ணே."

"பதினோரு வருஷம் படிச்சிட்டு எழுதினது."

"ஆமா."

"அப்போ தப்புன்னா, இப்போ சொல்லுதது மட்டும் செரின்னு நாங்க எப்பிடி நம்ப?"

"நான் சொல்லுதத நம்ப வேண்டாம் அண்ணே. நீங்க கண்ணால கண்டியளே!"

"கண்டோம்" என்றார் ஞானசிகாமணி. "சாம்பலன் நீலமாட்டு மாறினத கண்டோம். எனக்க வீட்டுச் சுவருல, எனக்குத் தெரியாம, ஒரு சாம்பலன் கெடந்து, நேரம் பாத்து மேல ஏறினத எல்லாரும் கண்டோம்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. லீலாபாய் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் அவளை நம்பிவிட்டார்கள், முழுசாக நம்பிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. 

அன்று சாயங்காலமே மேற்கு வீடுகளில் சுரண்டத் தொடங்கினார்கள். தேங்காய்ச் சிரட்டை, தோசைத் திருப்பி, ஈர்க்குமாறு, கையில் கிடைத்ததை எடுத்துச் சுவரில் சாம்பலாகத் தெரிந்ததையெல்லாம் சுரண்டி முறத்தில் அள்ளினார்கள். நீலம் நீலமாக இருக்க வேண்டுமென்றால் சாம்பல் ஏறக் கூடாது. செவ்வாலன் வீட்டுக்காரர்களும் பொன்வரியன் வீட்டுக்காரர்களும் சுரண்டினார்கள். மூன்றாம் நாள் கிழக்கு வரிசைக்காரர்களும் தங்கள் சுவரைச் சுரண்டினார்கள், இருக்கிற சாம்பலை ஒழித்தால் நீலம் வந்து ஒட்டுமோ என்ற நப்பாசையில். எமல்டாவின் புருஷன் ரப்பர் வெட்டுகிற கத்தியாலேயே சுரண்டினான். மேற்கு வீடுகளில் நீலம் வெயிலில் மங்கிவிடக் கூடாதென்று சுவர்களில் நனைந்த சாக்குத் தொங்கவிட்டார்கள். அதை நனைக்க ஓடையிலிருந்து குழாய் போட்டார்கள். கிழக்கு வாய்க்காலுக்கு வருகிற தண்ணீர் பாதியானது.

லீலாபாய் வீடுவீடாக ஓடினாள். "அது பொட்டை! முட்டை இடுதது அதுதான்! அதக் கொல்லாதிங்க, அது போனா ஒண்ணும் மிஞ்சாது!" என்று கத்தினாள். கதவைச் சாத்தவில்லை, ஏசவில்லை. "சாயா குடிக்கியளா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே சுரண்டினார்கள்.

ஐப்பசியில் ஆண் மீன்கள் மட்டும் மிஞ்சின. வழக்கப்படி ஓட்டுக்கடியிலும் சன்னல் விளிம்புக்கடியிலும் இடம் பிடித்து, சுத்தம் செய்து, துடுப்பை விரித்து, பெண் வந்து முட்டையிடக் காத்திருந்தன. யாரும் வரவில்லை. ஒன்றையொன்று பார்த்துத் துடுப்பு விரித்தன. அந்த ஐப்பசியில் ஈத்தவிளை அதற்கு முன்னும் பின்னும் இல்லாத அழகாக இருந்தது. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து சுவர்களின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நாற்றமில்லை. காய்ந்த இலைபோல முற்றத்தில் கிடந்தன. காலையில் எல்லோர் வீட்டிலும் சருகோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளினார்கள். மார்கழியில் சுவர்கள் வெறும் சுவர்களாயின.

மீன் போயிற்று, சீட்டு போகவில்லை. கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கிறபோது மேற்கு வீடுகளுக்கு நீலம் பூசினார்கள். அடுத்தடுத்த வீடுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும். கிழக்கு வரிசையில் ஒருவன் தன் வீட்டுக்கு நீலம் பூசினான். இரண்டாம் நாள் அவன் வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் வந்து நின்று பேசினார்கள். மூன்றாம் நாள் அவனே சுண்ணாம்பில் கரி கலந்து மேலே பூசிக்கொண்டான்.

தை மாசம் எமல்டா குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனாள். சின்ன லாரியில் கட்டிலும் பாத்திரமும் ஏறின. சஜினி முன்னாலேயே ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். லீலாபாய் ஓடி வந்து வண்டிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நீலக்கழுத்து என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தியிருந்தது. அதை எழுத அவளுக்கு ஒரு இரவும் ஒரு பகலும் ஆகியிருந்தது.

எமல்டா வாங்கிப் படித்தாள். "போற ஊருல இதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியாது" என்றாள். திருப்பிக் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. லாரி ஓட்டுகிறவர் முன்கண்ணாடியைத் துடைக்கக் காகிதம் கேட்டபோது அதை அவரிடம் கொடுத்தாள்.

அடுத்த இடவப்பாதியில் மழை வழக்கம்போல வந்தது. லீலாபாய் நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் ஓடையில் குப்புறக் கிடந்தாள். கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை. பாலத்தில் போனவர்கள் குனிந்து எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். கல்லூரியிலிருந்து கணக்கெடுப்பு முடிந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவள் மறுபடி ரப்பர் வெட்டப் போனாள். அந்த வருஷமே ஊரில் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பேர் எழுதுகிற ஏட்டில் அப்பா பேருக்குப் பக்கத்தில் வீட்டின் மீனையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். சாமியார் தயங்கினார், பிறகு எழுதினார்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் எமல்டா எங்கே இருக்கிறாள் என்று லீலாபாய்க்குத் தெரிந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில், முந்திரி ஆலை ஒன்றின் பின்புறம், வரிசையாகக் கட்டின வாடகை அறைகளில் ஒன்று. தாயும் மகளும் ஆலைக்குப் போகிறார்கள் என்று சொன்னார்கள். லீலாபாய் இரண்டு பஸ் மாறிப் போனாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வரிசை முழுக்கப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து முந்திரித் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் விரல்களும் ஆலையில் கொட்டை உடைக்கிறபோது படுகிற முந்திரிப் பாலில் கறுத்து வெந்திருந்தன. யார் எந்த ஊர், யார் என்ன வீடு என்று பார்த்தால் சொல்ல முடியாது.

எமல்டா கடைசி வாசலில் இருந்தாள். இளைத்திருந்தாள். அக்கா நடந்து வருவதை வரிசையின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டாள், கை நிற்காமல் உரித்துக்கொண்டிருந்தாள். லீலாபாய் அவள்முன் வந்து நின்றாள். 

"எமல்டா" என்றாள்.

உள்ளேயிருந்து சஜினி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாசலில் வெயிலில் வந்து நிற்கிற யாருக்கும் கொடுக்கிற தண்ணீர். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். லீலாபாய் குடித்தாள்.

பக்கத்து வாசலிலிருந்த பெண், ஓலைப்பெட்டியை நகர்த்திக்கொண்டே, எட்டிப் பார்த்து, "யாரு எமல்டா, ஒறவா?" என்று கேட்டாள்.

எமல்டா தலையைத் தூக்கினாள். அக்காவின் முகத்தை, நெற்றியிலிருந்து மோவாய்வரை, அவசரமில்லாமல், வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பருப்பைக் கூடையில் போட்டாள்.

"அடையாளம் தெரியல்ல" என்றாள்.